நீண்ட விசில்

1989 ஜூன் 4, ஞாயிறு

ஊராட்சி டெலிவிஷன் பெட்டிக்குப் பதிவேடு வைக்கச் சொல்லி யூனியன் ஆபீஸ் உத்தரவு. வைத்துவிட்டேன். திறந்த நேரம், பூட்டிய நேரம், படம் தெளிவா இல்லையா. அதற்குமேல் அதில் எழுத இடமில்லை. மிச்சத்தை எழுத உரக்கடைக்காரர் கொடுத்த இந்த டைரி இருக்கிறது. ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது.

எங்கள் ஊருக்கும் கொடைக்கானல் டிவி கோபுரத்துக்கும் நடுவில் ஒரு கரட்டுக் குன்று குறுக்கே கிடக்கிறது. பெட்டி வந்து நான்கு மாதம் வெறும் புள்ளிதான் தெரிந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் மேலே ஆண்டெனாக் கம்பம் நட்டோம், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நட்டோம், தலைவர் வீட்டு மாடியிலும் நட்டோம். கடைசியில் காலனிக்கு மேலே இருக்கும் மொட்டைப்பாறையில் நட்டதும் ஆள் முகம் ஆள் முகமாகவே தெரிந்தது. அலை வருகிற இடம் காலனி, பெட்டி இருக்கிற இடம் ஊர். பெட்டியை அங்கே கொண்டுபோய் வைக்கலாமே என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. காலனிக் கூரைகளுக்கு மேலாகவே வயரை இழுத்து ஊருக்குள் கொண்டுவந்தோம்.

பாறையில் கம்பத்தைப் பிடிக்க இருளப்பன். தண்ணீர்த் தொட்டி திறந்துவிடுகிறவன், பஞ்சாயத்து ஆள். காற்று அடித்தால் ஆண்டெனா முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அவன் பிடித்து நிறுத்த வேண்டும். நான் டிவி ரூம் வாசலில் நின்று விசில் ஊதுவேன். ஒரு விசில் கிழக்கே, இரண்டு விசில் மேற்கே. நீளமாக ஊதினால் படம் நன்றாக இருக்கிறது, அசையாதே என்று அர்த்தம். இந்த ஏற்பாடு என் மூளையில் உதித்தது. தலைவரே பாராட்டினார்.

ஜூன் 11, ஞாயிறு

காற்று ஆரம்பித்துவிட்டது. இன்றைய சினிமாவுக்கு நாற்பது தடவையாவது ஊதியிருப்பேன், கன்னம் வலிக்கிறது. கனகுவிடம் சொன்னேன்.

"ஒங்களுக்குக் கன்னம் வலிக்குது. அந்த மனுசனுக்கு என்ன வலிக்குதோ" என்றாள். என் மனைவிக்கு எதையும் நேராகப் பேசத் தெரியாது.

ஜூன் 14, புதன்

இருளப்பன் மகள் வளர்மதியிடமிருந்து கடிதம். பெரியகுளத்தில் ஹாஸ்டலில் தங்கி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவர்கள் வீட்டுக் கடிதத்தை நான்தான் படித்துச் சொல்வேன், பதிலும் நான்தான் எழுதிப் போடுவேன். அவன் ஆபீஸ் படிக்குக் கீழே நின்று கேட்டான்.

மாநில ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தாளாம், அதுவும் செருப்பில்லாமல் ஓடி. ஜெயித்த பிள்ளைகளை மெட்ராஸ் டிவி நிலையத்துக்கு அழைத்துப் போகிறார்களாம். ஜூலை ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சினிமாவுக்கு முன்னால் வருகிற சிறுவர் நிகழ்ச்சியில் காட்டுவார்கள் என்று டீச்சர் சொன்னார்களாம். "அப்பா நீங்களும் அம்மாவும் கட்டாயம் பார்க்கணும்" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.

அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். படித்தேன்.

ஜூன் 18, ஞாயிறு

தொட்டிச் சாவியைக் கொடுக்க வந்தவன் போகாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"என்ன இருளப்பா?"

"ஒண்ணுமில்லங்கய்யா. அன்னைக்கி ஒரு நா மட்டும் நான் கீழ எறங்கி வந்து பாத்துக்கிறட்டுமா? ரோட்டுல நிண்டு சன்னல் வழியா பாத்துக்கிருவேன். உள்ள கிள்ள வரமாட்டேன்."

"கம்பத்தை யாரு பிடிக்கிறது?"

"அதேன் எனக்கும் ஓசனையா இருக்கு."

ஊருக்குள் யாரையும் அந்தப் பாறையில் ஏற்ற முடியாது. அது இருளப்பன் வேலை என்று ஆகிவிட்டது. ஆனால் அவன் நின்ற நிலையைப் பார்த்ததும் எனக்கு மனசு இளகிவிட்டது. "நானே பிடிக்கிறேன், போ. அரை மணி நேரந்தானே" என்றேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். எனக்கும் நிறைவாக இருந்தது. பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் உண்மையாகத்தான் சொன்னேன்.

மகளுக்குப் பதில் கடிதமும் உடனே எழுதினோம். "அன்று எனக்குப் பதிலாகக் கிளார்க்கய்யா கம்பம் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் கட்டாயம் பார்ப்பேன்." என் கையெழுத்து நன்றாக இருப்பதாக அவன் சொன்னான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது.

ஜூன் 24, சனி

பகலில் பாறைக்கு ஏறிப் போய்க் கம்பத்தைப் பிடித்துப் பார்த்தேன். இந்த ஏற்பாடு செய்து ஒன்றரை வருடத்தில் நான் ஏறுவது முதல் தடவை. அங்கிருந்து டிவி ரூம் தெரியாது, அதன் ஓடு மட்டும் தெரிகிறது. கம்பத்தில் நெஞ்சு உயரத்தில் பெயிண்ட் போய் ஒரு சாண் அளவுக்கு வழவழவென்று இருக்கிறது. பத்து நிமிடம் பிடித்தேன். தோள் விட்டுப்போனது. இறங்கி வருகையில் எதிரே யாரும் வராதது நல்லதாகப் போயிற்று.

ஜூலை 2, ஞாயிறு

நல்ல செய்தி. என் மகள் சுகுணாவைப் பெண் பார்க்கக் கம்பம் டவுனிலிருந்து வருகிறார்கள். பையன் கூட்டுறவு வங்கியில் வேலை. ஆடி பிறந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும் என்று அவசரப்படுகிறார்கள். வருகிற ஞாயிறு மத்தியானம் வந்து, சாயந்தரம் இருந்து, கடைசி பஸ்ஸில் போவார்களாம். பதினான்கு பேர்.

வருகிற ஞாயிறு என்றால் ஒன்பதாம் தேதி. எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஜூலை 5, புதன்

தலைவர் சொன்னார்: "மாப்பிள்ள வீட்டாள்களச் சாயந்தரம் டிவி ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க கிளார்க்கு. நம்ம ஊர்ல படம் எப்படித் தெரியுதுன்னு கம்பத்துக்காரவுக பாக்கட்டும்."

கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் அந்த நேரத்தில் பெண்ணுக்குத் தகப்பன் எங்கே என்று கேட்டால்? காலனிப் பாறையில் இருளப்பன் இடத்தில் நிற்கிறார் என்று யார் சொல்வது? கனகுவிடம் யோசனை கேட்டேன்.

"சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றாள். பிறகு, "நம்ம பிள்ள வாழ்க்கையும் இருக்கு" என்றாள். இரண்டில் எதைச் செய்வது என்று மட்டும் சொல்லவில்லை.

என்னால் முடியாதென்று அவனிடம் நேராகச் சொல்லிவிட வேண்டியதுதான். நாளைக்கே சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 6, வியாழன்

சொல்லவில்லை. அவன் துவைத்த வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு இஸ்திரி போட்டுத் தர முடியுமா என்று கேட்டான். சுகுணா போட்டுக் கொடுத்தாள்.

ஜூலை 7, வெள்ளி

இன்று சொன்னேன். ஆனால் வேறு மாதிரி சொன்னேன்.

"இருளப்பா, மெட்ராஸ்லருந்து தாக்கல் வந்திருக்கு. நிகழ்ச்சிய அடுத்த வாரத்துக்கு மாத்திட்டாங்களாம். பதினாறாம் தேதி."

"அப்படிங்களாய்யா? சரி, இம்புட்டு நா பொறுத்தாச்சு, ஒரு வாரந்தான?" என்றான். சட்டையைத் திரும்ப மடித்துவைக்கச் சொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனான். மெட்ராஸ் தாக்கல் எனக்கு எப்படி வந்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்பான் என்று ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

ஒரு வேளை உண்மையிலேயே மாற்றினாலும் மாற்றுவார்கள். இதெல்லாம் அரசாங்க வேலை.

ஜூலை 8, சனி

தொட்டி கழுவினார்கள். எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 10, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. பதிவேட்டில் மட்டும் எழுதினேன்: "பலத்த காற்று. பள்ளிக்கூடத்து ஓடு நான்கு பறந்தது. படம் தடை, பத்து நிமிடம்."

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் நல்லபடி முடிந்தது. ஐந்தரைக்கு டிவி ரூமில் முன்வரிசை நாற்காலிகளில் அவர்களை உட்காரவைத்தேன். ஊர்ச் சனம் பாயில். காலனிச் சனம் வழக்கம்போல வெளியே ரோட்டில், சன்னலுக்கு அந்தப் பக்கம். சினிமாவுக்காக அவர்களும் முன்னதாகவே வந்துவிடுவார்கள். இருளப்பன் மனைவி ராக்கும் சன்னல் ஓரத்தில் இருந்தாள். இருளப்பன் பாறையில்.

காற்று பேய்க்காற்று. ஒரு விசில், இரண்டு விசில், மறுபடி ஒன்று. படம் பளிச்சென்று நின்றது. நீளமாக ஊதினேன். சம்பந்தியாகப் போகிறவர், "எங்க கம்பத்துலகூட இம்புட்டுத் தெளிவு இல்லீங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

நிகழ்ச்சியில் முதலில் ஒரு பையன் வீணை வாசித்தான். அடுத்து வளர்மதி வந்தாள்.

ரெட்டைச்சடை, வெள்ளைச் சட்டை, கழுத்தில் மெடல். ஒரு அம்மாள் கேள்வி கேட்க, கையை மடியில் வைத்துக்கொண்டு பதில் சொன்னாள். ரூமில் ஒரு சத்தமில்லை. வெளியேதான் ராக்கு கத்தினாள். "எம் மக! ஏய், எம் மக!" அடுத்த நிமிடம் அவளைக் காணோம். பாறையைப் பார்த்து ஓடியிருக்கிறாள். பாதி வழியிலேயே புருஷனைக் கூப்பிட்ட சத்தம் இங்கே வரை கேட்டது.

நான் ஓடியிருக்கலாம். ராக்கு கிளம்பியபோதே நானும் ஓடியிருந்தால் அவன் கம்பத்தை விடுவதற்குள் போய்ப் பிடித்திருக்கலாம். அவன் ஒரு நிமிடமாவது பார்த்திருப்பான். சம்பந்தி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

திடீரென்று படம் போய்விட்டது. முழுக்கப் புள்ளி. குரல் மட்டும் நிற்காமல் வந்தது. அது இங்கே வழக்கம், படம் போனாலும் சத்தம் போகாது.

"எவன்டா கம்பத்த விட்டது?" என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். இருளப்பன் வந்துவிட்டான். சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். முழங்காலில் ரத்தம், பாறையில் விழுந்து எழுந்து வந்திருக்கிறான். பெட்டியில் புள்ளியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து அவன் மகள் பேசினாள்.

"எங்க அப்பாதான் எங்க ஊர் டிவிக்குக் கம்பம் பிடிக்கிறவரு. காத்து அடிச்சா அவரு பிடிச்சாத்தான் படம் தெரியும். அதனால அவரு இதுவரைக்கும் டிவி பாத்ததே இல்ல. இன்னைக்கு மட்டும் அவருக்காகக் கிளார்க்கய்யா பிடிக்கிறாங்க. அப்பா இப்ப என்னைப் பாத்துக்கிட்டு இருப்பாரு. கிளார்க்கய்யாவுக்கு ரொம்ப நன்றி."

அந்த அம்மாள் கைதட்டுகிற சத்தம் கேட்டது. ரூமில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கழுத்தில் விசிலோடு நான் வாசலில் நின்றேன். பாயில் இருந்தவர்கள், நாற்காலியில் இருந்தவர்கள், சன்னலுக்கு வெளியே இருந்தவர்கள், எல்லோரும் பார்த்தார்கள். இருளப்பன் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அவன் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது நான் விசிலை ஊதினேன். நீளமாக. ஏன் ஊதினேன் என்று எனக்குத் தெரியாது. பாறையில் ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். கை அதுவாகவே போய்விட்டது. விசில் கேட்டதும் இருளப்பன் சன்னலில் அப்படியே அசையாமல் நின்றான்.

தலைவர்தான் பேசினார். "சரி சரி, இருளப்பா, சினிமா போடப் போறான். ஓடு."

அவன் போனான். ஒன்பது மணி வரைக்கும் படம் ஒரு தடவைகூட அசையவில்லை.

ஜூலை 11, செவ்வாய்

காலையில் தொட்டிச் சாவி வாங்க வந்தான். முழங்காலில் துணி சுற்றியிருந்தான். நான் ஏதாவது கோப்பைப் புரட்டலாம் என்று தேடினேன்.

"மெட்ராஸ்காரன் ஒங்களுக்குத் தப்பாத் தாக்கல் சொல்லிட்டான் போலருக்குங்கய்யா" என்றான்.

எனக்கு வேண்டிய பொய்யை அவனே எடுத்துக் கொடுத்தான். எனக்காகத்தான் கொடுத்தானா, உண்மையிலேயே நம்பினானா என்று இப்போதும் தெரியவில்லை. "ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப நீங்க சொன்ன பதினாறாம் தேதி?"

"திரும்பப் போட்டாலும் போடுவாங்க." இதையும் சொன்னேன்.

ஜூலை 14, வெள்ளி

கம்பத்திலிருந்து சம்மதம் என்று கடிதம் வந்துவிட்டது. ஆவணியில் நிச்சயம். சுகுணா சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள். கனகு சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். சம்பந்தி கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "டிவி ரூம் கூத்தை இங்கே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தோம்."

இனிமேல் இப்படி நடக்கக்கூடாது என்று தலைவர் தேனியிலிருந்து எலெக்ட்ரீஷியனை வரவழைத்தார். இரும்புப் பட்டை ஒன்று, போல்ட் இரண்டு. ஒரு தடவை சரியாகத் திருப்பி முடுக்கிவிட்டான். அரை மணி நேர வேலை. கீழே வந்து பார்த்தால் படம் சிலை மாதிரி நிற்கிறது.

"இதுக்கா ஆள் வச்சிருந்தீங்க?" என்று கேட்டான். இதே யோசனையை அவன் சென்ற வருடமே என்னிடம் சொன்னான். விசில் ஏற்பாடு நன்றாக நடக்கிறதே என்று நான்தான் விட்டுவிட்டேன். தலைவரிடம் அதைச் சொல்லவே இல்லை.

ஜூலை 16, ஞாயிறு

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருளப்பன் வந்தான். ராக்கு தலைக்குப் பூ வைத்திருந்தாள். சன்னலுக்கு வெளியே ரோட்டில் உட்கார்ந்து நிகழ்ச்சி முழுக்கப் பார்த்தார்கள். யார் யாரோ பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் வரும்போது அவன் கொஞ்சம் முன்னால் நகர்ந்தான். படம் மிகத் தெளிவாக இருந்தது.

வெட்கமாக இருக்கிறது. இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஜூலை 17, திங்கள்

விசிலை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். கனகு பேச்சைக் குறைத்துவிட்டாள். கேட்டால், வேலை இருக்கிறது என்கிறாள்.

ஜூலை 23, ஞாயிறு

படம் தெளிவு.

ஆகஸ்ட் 12, சனி

காலனியில் காளியம்மன் பொங்கல். வளர்மதி ஊருக்கு வந்திருக்கிறாள். ஹாஸ்டல் பாரத்தில் கையெழுத்து வாங்க அப்பாவோடு ஆபீசுக்கு வந்தாள். நன்றாக வளர்ந்துவிட்டாள். மெடலைக் காட்டினாள். படிக்குக் கீழே நிற்காமல் படியில் ஏறிவந்து காட்டினாள்.

"அய்யா, நான் பேசினது டிவில நல்லாத் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சும்மா."

"அப்பாட்ட கேட்டா, தெரிஞ்சுச்சு தெரிஞ்சுச்சுங்கிறாரு. என்னா சட்ட போட்டிருந்தேன்னு கேட்டா முழிக்கிறாரு."

இருளப்பன் என்னைப் பார்த்தான். நடந்ததற்குப் பிறகு அவன் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். "கிளார்க்கய்யாவும் பாத்தாகள்ள? அவுகட்டயே கேளுத்தா" என்றான்.

எப்படியாவது அவனுக்கு உதவ வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். "வெள்ளைச் சட்ட. ரெட்டைச்சட. ஒங்க அப்பா கண்ணு கலங்கிட்டாருல்ல, அதேன் சட்டையெல்லாம் ஞாபகம் இல்ல. எம்பக்கத்துல உக்காந்துதான் பாத்தாரு" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

 என்னைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"ரூமுக்குள்ளயா?" என்று கேட்டாள்.

நான் தலையாட்டினேன்.

"ஒங்க பக்கத்துலயா?"

அதற்கும் தலையாட்டினேன்.

"அப்பக் கம்பத்த யாருய்யா பிடிச்சா?"

நான் பாரத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று தேடினேன். பதில் இருளப்பன்தான் சொன்னான்.

"அன்னைக்கிக் காத்தே இல்லத்தா. கம்பம் அது பாட்டுக்கு நிண்டுச்சு."

பாரத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்தேன். மேசையில் பதிவேடு திறந்தே கிடந்தது. போகும்போது அவள் அதைக் குனிந்து பார்த்தாள். 'பலத்த காற்று' என்று எழுதிய ஜூலை ஒன்பதின் பக்கமா என்று எனக்குத் திருப்பிப் பார்க்கத் தைரியமில்லை. அவள் படிக்கத் தெரிந்த பிள்ளை, என் கையெழுத்தும் நன்றாகத்தான் இருக்கும்.